ஒரு முகமூடி குறைந்தது

ஆமிக்காரனுக்கு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியையே வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் தான்தான் என்று குலசிங்கம் பூரிம் விருந்திலும் தொடங்கிவிட்டார்.

ரொறன்ரோவில் பாத்தர்ஸ்ட் வீதி அப்பார்ட்மென்ட். பக்கத்து வீட்டு மிசிஸ் ரோசனின் மேசை. ஜன்னலுக்கு வெளியே மார்ச் வெயிலில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

பூரிம் என்றால், யூத சனத்தையே அழிக்க நினைத்த ஆமான் என்ற பாரசீக மந்திரி தோற்றுப்போன நாளாம். அவன் பெயர் வந்தால் கிலுகிலுப்பையைச் சுழற்றி அதை அமுக்க வேண்டும். நல்லவன் ஆர், கெட்டவன் ஆர் என்று தெரியாமல் போகும்வரை குடிக்க வேண்டும். முகமூடி இல்லாதவனுக்கு மேசையில் இடமில்லை, அது மிசிஸ் ரோசனின் சட்டம்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் குலசிங்கத்துக்கு இதைவிடத் தோதான பண்டிகை கிடைக்குமா? பஞ்சுத் தாடியும் கடதாசி முடியுமாகப் பாரசீக ராசாவே ஆகிவிட்டார்.

இரத்தினவேலுக்குத்தான் ஒரு முகமூடி குறைந்தது. மிசிஸ் ரோசன் மளிகைக் கடதாசிப் பையில் இரண்டு ஓட்டை வெட்டி அவன் தலையில் கவிழ்த்தார். முதலில் கையால் தடுத்தான். பிறகு கையை இறக்கிவிட்டான்.

ரொறன்ரோ முழுக்கத் தேடினாலும் குலசிங்கத்தின் ஊர்க்காரன் அவன் ஒருவன்தான். அவன் ஒருக்கால் 'ஓம்' சொன்னால் சனம் நம்பும். நம்பினால்தான், தான் தப்பியது தன் கெட்டித்தனத்தால் என்று ஆகும். ஐந்து வருடமாகக் கேட்கிறார். அண்ணை புளுகுறார் என்பதற்கு மேல் அவன் வாய் திறந்ததில்லை.

மிசிஸ் ரோசன் முக்கோணப் பலகாரத்தை நீட்டி, இது ஆமானின் காது, தின்னுங்கள் என்றார். காது என்றதும் ராசாவுக்கு உசார் வந்துவிட்டது.

ஆமி ஊரைச் சுற்றிவளைத்த நாள், கோயில் வீதியில் நாலாயிரம் பேர் வரிசையில். போன தடவை மோர்னிங்சைட் விருந்தில் சொன்னபோது அறுநூறு. ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலை ஆடினால் எதிரில் நிற்பவனின் கதை முடிந்தது. குலசிங்கத்தின் முறை வந்தது. யானை மாதிரி இரண்டு காதையும் ஆட்டிக் காட்டினார். சாக்கு குலுங்கியது. ஜீப் குலுங்கியது. பற்றறி கழன்று வீதியில் விழுந்தது. தலை மட்டும் ஆடவேயில்லை.

மேசை சிரித்து உருண்டது. யாரோ கிலுகிலுப்பையைச் சுழற்றினார்கள்.

அவருக்குப் பின்னால் நின்ற சொந்தத் தம்பி அன்புராசாவுக்குத் தலை ஆடியதை அவர் எந்த விருந்திலும் சொன்னதில்லை.

"உவன் எங்கடை ஊர்தான். பொய்யெண்டால் இப்ப சொல்லட்டும்," என்று இரத்தினவேலின் பக்கம் திரும்பி, அத்தாட்சிக்குக் காதையும் ஆட்டினார்.

கடதாசிப் பை குலுங்கியது. சத்தமே இல்லாமல்.

ராசாவின் காது அப்படியே நின்றது.

இரத்தினவேல் பையைக் கழற்றவில்லை.

"ஓம் அண்ணை, நடந்தது. சாக்குக்குள்ளை சிரிச்சது நான்தான். சிரிச்சதுக்குப் பிடரியிலை அடிச்சாங்கள். அடுத்த ஆள் ஆரெண்டு பாக்காமல் ஆட்டினன்."