சிவப்பு மையில் பதினெட்டு

சிந்தியா அரைநாள் லீவு போட்டு, செபராங் ஜெயா ஆபீசிலிருந்து பாலம் கடந்து, நேரே ஜார்ஜ்டவுனில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வந்த வேகத்தில் கணக்குத் தாளை ஆசிரியர் தயாளனின் மேசைமேல் வைத்தாள்.

“என்ன சார் இது?”

தாளின் தலையில் சிவப்பு மையில் பெரிதாகப் பதினெட்டு.

“அஞ்சாம் ஆண்டு பிள்ளை சார். இதைப் பார்த்தா அது மனசு என்ன பாடுபடும்? ரெண்டு நாளா சோஃபியா சரியாச் சாப்பிடல, பேசல. ஒரு நாற்பது போட்டுப் பாஸாக்கினா என்ன குடியா முழுகிடும்?”

தயாளன் தாளை உற்றுப் பார்த்தார்.

“இது என் எழுத்து இல்லையே.”

நகத்தால் மெல்லச் சுரண்டினார். வெள்ளைத் திருத்த மை பொடிப்பொடியாய் உதிர்ந்தது. அடியில் நாற்பத்தொன்று இருந்தது.

சிந்தியா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“நான் போட்டது இதுதாம்மா,” என்றார் தயாளன், குரலைத் தாழ்த்தி. “உண்மையில அவ்வளவு வராது. பிள்ளை உடைஞ்சு போயிடும்னு நானாத்தான் கூட்டிப் போட்டேன். தலைமையாசிரியர்கிட்ட சொல்லிடாதீங்க லா.”

“நீங்க நல்ல மனுஷன் சார். அப்போ இதை அழிச்சது யாரு? பொறாமை பிடிச்ச எவனோதான். சும்மா விடக்கூடாது. சோஃபியாவைக் கூப்பிடுங்க, கேட்போம்.”

சோஃபியா வந்தாள். தாளைப் பார்த்தாள்.

“நான்தாம்மா அழிச்சேன்.”

“ஏன்டி? பாஸாகியிருந்தியே!”



“என் பக்கத்துல உட்காருற சாந்தினியும் நாற்பத்தொண்ணுதான் எடுத்தாம்மா. போன தடவை அவ ஃபெயில். ஒரு மாசமா ரிசஸுக்குக்கூடப் போகாம உட்கார்ந்து கணக்குப் போட்டா. எனக்கும் அதே மார்க். அவ என் தாளை எட்டிப் பார்த்தா. ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் வெக்கமா போச்சு.”

சிந்தியா தயாளனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டார்:

“அது சரி, பதினெட்டுன்னு எப்படிப் போட்டே?”

“சரியான கணக்குக்கெல்லாம் நீங்க போட்ட மார்க்கைக் கூட்டினேன், சார்,” என்றாள் சோஃபியா. “கூட்டல் எனக்கு நல்லா வரும்.”