அம்மா வைத்துவிட்டுப் போனது

அடுப்படியிலிருந்து வாசனை கூடத்துக்கு வந்தபோதுதான் தையற்காரருக்கு ஸ்லோ குக்கரின் ஞாபகமே வந்தது.

காலையில் அவர்தான் அதைப் போட்டுவிட்டிருந்தார். நடுப்பகலில் போன் வந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை. உடலை நாளைக்குத்தான் தருவார்களாம்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பானை தன்பாட்டுக்கு வெந்துகொண்டே இருந்திருக்கிறது.

கூடம் நிறைய ஆட்கள். துக்க வீட்டில் கோழிக் குழம்பு வாசம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். யார் கண்ணிலும் படாமல் கொட்டிவிடலாம் என்று எழுந்து போனார்.

அடுப்படித் தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை. ஒரு சொட்டு அழவும் இல்லை. யார் வந்து கட்டிக்கொண்டாலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா தன்னோடு பேசாமலே போய்விட்டாள் என்று.

அது உண்மை.

சண்டைக்குக் காரணமே இந்தக் குக்கர்தான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று மகள் வாங்கி வந்தது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் தானாகவே வெந்திருக்கும், இனி நீ அடுப்புமுன் நின்று வேக வேண்டாம் என்று ஆசை ஆசையாகச் சொன்னாள். நெருப்பு கண்ணில் படாத சமையலும் ஒரு சமையலா என்று அம்மா அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

பேச்சு முற்றியது. தாயும் மகளும் ஒரே அச்சு. இரண்டு பேருக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும், இறங்கி வர மட்டும் தெரியாது. இன்று காலை அம்மா கிளம்பும்போது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு அவளும் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஆபீசுக்குப் போய்விட்டாள்.

இருவரும் போனபின் தையற்காரர் பரணிலிருந்து குக்கரை இறக்கினார்.

மெக்சிகோ நாட்டுக் கோழிக் குழம்பு ஒன்றை மகள் அவரிடமும் அம்மாவிடமும் வீடியோவில் காட்டியிருக்கிறாள். மோலே என்று பெயர். போனில் வீடியோவை ஓடவிட்டு, காய்ந்த மிளகாயை விதை நீக்கி, வறுத்து, ஊறவைத்தார். எள்ளும் பாதாமும் உலர்திராட்சையும் வறுத்தார். தக்காளி, வெங்காயம், பூண்டு வதக்கினார். எல்லாவற்றையும் சேர்த்து விழுதாக அரைத்துக் கோழியின்மேல் ஊற்றினார். கடைசியில் கசப்புச் சாக்லேட்டை உடைத்துப் போடச் சொன்னபோது, இந்தக் கோழி அப்படி என்ன பாவம் செய்தது என்று நினைத்துக்கொண்டேதான் போட்டார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். சாப்பிடும்போது மனைவியிடம், உன் மகள் சமைத்தது என்பார். மகளிடம், உன் அம்மா சமைத்தது என்பார். இரண்டே பொய். வீடு பழையபடி ஆகிவிடும்.

இப்போது ஒரு பொய்யைக் கேட்க ஆள் இல்லை.

மூடியைத் திறந்தார். குழம்பு கறுத்து, திரண்டு, பளபளவென்று இருந்தது. கரண்டி பட்டதும் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. கொட்ட வந்தவருக்குக் கை வரவில்லை. மகளைப் பார்த்தார். தட்டை எடுத்துச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“காலையில அம்மா உனக்காக வச்சுட்டுப் போனதும்மா. உன்னோட குக்கர்லதான்.”

பொய் சொன்னால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

மகள் குக்கரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். சட்டென்று உடைந்து அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கியதுபோல அவருக்கு இருந்தது. மனைவி போன நாளில் இப்படி ஒரு நிம்மதி வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்போது மகளின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

குழம்பிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தாள்.

காலையில் அவர் தைத்துப் போட்டது. பட்டையும் கிராம்பும் யார் பல்லிலும் சிக்கக் கூடாது என்று, துண்டு லைனிங் துணியில் அவற்றை வைத்து மிஷினில் மூட்டியிருந்தார். வெந்ததும் எடுத்துவிட வேண்டும். அதெல்லாம் இன்றைக்கு எங்கே ஞாபகம் இருந்தது?

மகள் கட்டைவிரலால் குழம்பைத் துடைத்தாள். பொடிப்பொடியாக, ஒரே சீரான தையல். நூல் பிரியாதபடி மூலையில் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்தியிருந்தது. பள்ளிச் சீருடையிலிருந்து இன்டர்வியூவுக்குப் போட்டுப்போன சட்டைவரை, அவள் உடுத்திய எல்லாமே அப்பாவின் அந்த மூலைத்தையலில்தான் முடிந்திருக்கின்றன. அவள் அம்மாவோ அறுந்த பட்டனைக்கூட அவரிடம்தான் நீட்டுவாள்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு அதை இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“சித்தி, எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லுங்க. அம்மா காலையிலேயே எனக்காகச் சமைச்சு வச்சுட்டுத்தான் போயிருக்காங்க.”