இடைவேளைக் காட்சி

"குப்பைத்தொட்டி காட்சி வேண்டாம். மீறி எடுத்தா, படத்துக்குக் கொடுத்த சம்மதத்தையே வாபஸ் வாங்கிடுவேன்."

அய்யாவின் மகள் இப்படிச் சொன்னதும் டைரக்டருக்குத் தலை சுற்றியது.

அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியே உயிரை விட்ட அய்யாவின் கதைதான் படம். நாய் காதைக் கடித்துக் குதறிய பச்சைக் குழந்தையைக் குப்பைத்தொட்டியிலிருந்து அவர் தூக்குவார். இடைவேளை! ஹீரோவுக்கு நாற்றம் ஆகாதாம். தொட்டியைப் புதிதாக வாங்கி, அழுக்குப் பூசி வைத்திருந்தார்கள்.

"நடக்காததையா எடுக்கறேன்? அய்யாவோட டிரைவரே சொன்னார்மா."

"நடந்ததுதான். வேண்டாம்."

யூனிட்டே அவளை வாயில் போட்டு மென்றது.

"அப்பன் ஊருக்கே அள்ளிக் கொடுத்தார். பொண்ணுக்கு ஒரு சீன் கொடுக்க மனசு வரல!"

"வயித்தெரிச்சல், வேறென்ன?"

மேக்கப் பொண்ணுக்குத்தான் ஆத்திரம் அதிகம். அந்த இல்லத்திலேயே வளர்ந்தவள். மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள்.

"அய்யா உங்களைவிட எங்களைத்தான் அதிகம் தூக்கினார். அந்தப் பொறாமை இன்னும் போகலையாக்கா?"

"அப்படியே வெச்சுக்கோ."

"அவருக்குப் போய் இப்படி ஒரு பொண்ணு!"

காட்சிக்கான ரப்பர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மேக்கப் அறைக்குள் போய்விட்டாள்.

டைரக்டர் மகளை ஓரமாக அழைத்தார். "காரணத்தையாவது சொல்லுங்கம்மா."

"அந்தக் குழந்தை வளர்ந்து நல்லா இருக்கு. பெத்த அம்மா பிரசவத்துல செத்துட்டாங்கன்னு அப்பா சொன்னதை நம்பிட்டிருக்கு. தூக்கி எறிஞ்சாங்கன்னு தியேட்டர்லயா பார்த்துத் தெரிஞ்சுக்கணும்?"

"ஆமா, அது எந்த மூலையில இருக்கோ! படம் பார்த்து, அது நாமதான்னு கண்டுபிடிக்கப் போகுதாக்கும்! வீம்புக்கு ஒரு சாக்கு."

முணுமுணுத்தபடியே டைரக்டர் மேக்கப் அறைக்குள் நுழைந்தார்.

"அந்தம்மா கிடக்கறாங்க, விடுங்க சார். பொம்மையைப் பாருங்க!" என்றாள் மேக்கப் பொண்ணு.

பொம்மையின் இடது காதில் பாதி இல்லை. மீதி சுருண்டு, ரத்தப் பூச்சோடு, அப்படியே நிஜம்.

"எதைப் பார்த்தும்மா செஞ்சே?"

அவள் முடியை ஒதுக்கித் தன் இடது காதைக் காட்டிச் சிரித்தாள்.

"இதைப் பார்த்துத்தான் சார். கைக்குழந்தையா இருக்கறப்போ தொட்டில் கொக்கியில மாட்டிக்கிச்சாம். அய்யா சொல்லியிருக்கார்."