என் பெயர் ஒட்டிய டப்பா

காலை வெயிலில், சாப்பாட்டு மேசை மேல் என் பெயர் ஒட்டிய மாத்திரை டப்பா பளபளக்கிறது. உள்ளே இருப்பது, விந்தணு குறைவுக்காக டாக்டர் என் கணவருக்கு எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை. தன் அம்மாவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று என் பெயரை எழுதி ஒட்டியவர் அவர்தான். தினமும் ஃபிரிட்ஜ் கதவு மறைவில் நின்று விழுங்குகிறார். "ஆறு மாசமா முழுங்கறே, வயித்துல ஒண்ணும் தங்கலையே. ஒழுங்கா சாப்பிடறியா, இல்ல குப்பையில போடறியா?" என்கிறார் மாமியார். கணவரின் முகத்துக்கு முன்னால் செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்கிறது. டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, அவருடைய வெறும் தட்டில் டிங்கென்று போடுகிறேன். "உங்கம்மா கேக்கறாங்கல்ல. அவங்க பார்க்க முழுங்குங்க."