ஞாயிற்றுக்கிழமைக் கேரட்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மகள் அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

"இன்னைக்கும் பட்டினியா திரும்பி வந்தாள்னா, இனிமே அனுப்ப மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள் முன்னாள் மனைவி. போனால் போகிறதென்று, குழந்தைக்குப் பிடித்த கேரட் வறுவலின் செய்முறையையும் போனில் அனுப்பியிருந்தாள்.

காலையிலிருந்து இரண்டு தட்டு கருகிக் குப்பைக்குப் போயிற்று. மூன்றாவது தட்டில் எண்ணெய், மிளகு, தோல் உரிக்காத பூண்டு எல்லாம் சொன்ன அளவில் போட்டுவிட்டு, நாற்பது நிமிடமும் ஓவன் முன்னாலேயே குந்தியிருந்தான்.

மகள் ஒரு துண்டைக் கடித்தாள். கண்கள் விரிந்தன.

"ஐ! எங்க வீட்ல செய்யற மாதிரியே இருக்கு!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எட்டு வருஷம் குப்பை கொட்டினேன். உங்கம்மா ஒருநாளாவது இதை எனக்குச் செஞ்சு போட்டிருப்பாளா, கேளு!"

"அம்மாவா?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா அடுப்படிக்கே வர மாட்டாங்க. அங்க எப்பவும் அப்பாதான் செய்வாரு. உங்களுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்ததும் அவருதான்."

தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க."

அவன் வழித்துப் போட்டான்.