உட்கார்ந்து பார்த்த கடை

கட்டடக்கலை இறுதித் தேர்வில் ஜெனிட்டா வரைந்த ஜவுளிக்கடையைப் பார்க்க, கடைக்காரர் வேலாண்டி அண்ணாச்சியையே கல்லூரிக்கு வரவழைத்திருந்தார்கள். அவர் தலையாட்டினால்தான் தேர்ச்சி. வரைந்த கடையைக் கண்முன் காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத கடைக்குள் நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வகுப்பறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏ தாயி, வாசலைக் காணோமே?"

ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாகத் தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவருக்கு, நிற்கிறவர் கண்ணுயரத்தில் கடை கட்டியிருக்கிறாள். அவர் பார்ப்பது கணினித் திரையில் தெரிந்தது: துணி அளக்கும் மேசையின் பலகை மட்டும்.

"மேசையைக் கொஞ்சம் குறை."

குறைத்தாள்.

"இன்னும் குறை."

"கட்டாது அண்ணாச்சி. துணி அளக்கிறவங்க முதுகு ஒடிஞ்சிரும்."

"பார்த்துக் குறை தாயி. வர்றவன் முகம் தெரிஞ்சாத்தான விலை சொல்ல முடியும்?"

பேராசிரியர் மதிப்பெண் தாளில் பேனாவை வைத்தார். ஜெனிட்டா இன்னும் ஒரு விரற்கடை இறக்கினாள். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. ஆள் ஒருவரைக்கூட அவள் வரைந்திராத அந்த வாசலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க."