பாட்டி எந்த ஊர்?

"பாட்டி எந்த ஊரு?" என்றாள் நர்ஸ் லோசே.

கலோலைனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் மருத்துவரிடம் போனால் என்னென்ன கேட்பார்கள் என்று துண்டுப் பிரசுரத்தை மூன்று முறை படித்துவிட்டு வந்தவள் அவள். கடைசி மாதவிலக்குத் தேதியை உள்ளங்கையில் எழுதிக்கூட வைத்திருந்தாள். பிரசுரத்தில் பாட்டி வரவே இல்லை.

"அது எதுக்கு நர்ஸம்மா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. அம்மாவழிப் பாட்டி."

சொன்னாள்.

"தாத்தாவுக்குக் கூடப் பொறந்தவங்க? ரெண்டாம் தாரம் உண்டா?"

பின்னால் உட்கார்ந்திருந்த மீன்காரி வேயா, "நர்ஸம்மா மகனுக்குப் பொண்ணு பாக்குறாங்கடி" என்றாள். கூடமே சிரித்தது.

லோசே நோட்டை மூடினாள். "இன்னிக்கு மிஷின் பழுது. வெள்ளிக்கிழமை வா."

"என்ன மிஷின்?"

"பெரிய மிஷின். வேயா, நீ உள்ள போ."

கலோலைனுக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு மாதமாக நாள் தவறிய உதிரப்போக்கு. இதற்குமுன் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, பயந்து திரும்பியிருக்கிறாள். இன்றும் வண்டி ஓட்டி வந்த தம்பியிடம் பல்வலி என்றுதான் சொல்லியிருந்தாள். டோங்காவில் அக்காவின் இடுப்புக்குக் கீழே நடப்பது எதுவும் தம்பியின் காதில் விழக்கூடாது. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட தம்பிக்கும் அதே சட்டம். இத்தனையும் தாண்டி வந்தவளை இன்று திருப்பி அனுப்பினால் நாலாவது தடவை வர மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"வேயாவுக்கு மட்டும் மிஷின் ஓடுமோ? அவ உங்க சர்ச் சபைக்காரி, அதானே?"

"அப்படியே வச்சுக்கோ" என்றாள் லோசே.

வேயா வெளியே வந்ததுதான் தாமதம், நர்ஸின் கைக்கடியில் புகுந்து உள்ளே பாய்ந்துவிட்டாள் கலோலைன்.

டாக்டர் டேனியல் ஆக்லாந்தில் வளர்ந்தவர். தீவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"மிஷினா? இங்க இருக்கறது ஒரு விளக்கு, படுத்துக்க ஒரு மேஜை. ரெண்டுக்கும் ஒரு குறையுமில்ல. உட்காருங்க. நாலு கேள்வி, அஞ்சு நிமிஷப் பரிசோதனை. பயப்பட ஒண்ணுமில்ல. கடைசியா மாதவிலக்கு எப்போ?"

அப்பாடா! உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் தேதி அழிந்திருந்தது. குத்துமதிப்பாகச் சொன்னாள்.

"குடும்பத்துல யாருக்காவது கருப்பைப் புற்றுநோய் உண்டா?"

"சித்தி முறை ஒருத்திக்கு. அம்மாவோட பெரியப்பா மக, வயோலா. சின்ன வயசுலயே ஆக்லாந்து போனவ. புற்றுநோய்னு ஒரு தடவை சேதி வந்துச்சு, அதோட தொடர்பே இல்ல."

டாக்டரின் பேனா விழுந்தது.

"இடது கன்னத்துல தழும்பு இருக்குமா?"

"ஆமா! உங்களுக்கு எப்படி..."

டாக்டர் காதுமடல்வரை சிவந்து, கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். கதவுப் பக்கம் கலோலைன் உட்கார்ந்திருந்தாள். ஆகவே ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் போனார்.

லோசே உள்ளே வந்து நிதானமாக ஜன்னலைச் சாத்தினாள்.

"அந்தப் புள்ள... வயோலா சித்தி மகனா? எனக்குத் தம்பியா?" கலோலைன் நாற்காலியில் சரிந்தாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே நர்ஸம்மா!"

"கூடத்துல நாப்பது பேர் காதுபட, உன் தம்பியையும் இந்த மேஜையையும் சேர்த்துச் சொல்லணுமா? அப்புறம் நீ இந்தப் பக்கம் வருவியா? இல்ல, அவருதான் இந்தத் தீவுல தங்குவாரா? வெள்ளிக்கிழமை தலைநகர்லேருந்து லேடி டாக்டர் வராங்க. அன்னிக்கு முதல் பேரு உன்னோடதுதான்."

லோசே நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கலோலைனின் பெயருக்கு மேலே பெயர்கள் பக்கம் பக்கமாக நீண்டிருந்தன.

"இவங்கள்லாம் யாரு?"

"அவரோட அக்கா தங்கச்சிங்க. இதுவரைக்கும் முப்பத்தொரு பேர். எனக்கு சபை வெறின்னு திட்டிக்கிட்டேதான் எல்லாரும் போனாங்க. ஆனா ஒருத்தி பாக்கியில்லாம வெள்ளிக்கிழமை வந்து காட்டிட்டாங்க."